பத்துப் பேர் கூடாத ஜெபாலயத்தில் எதை ஓதலாம்?

வாசகர் கேள்வி – பதில்

யங்கோன் நகரின் நடுவிலுள்ள பழைய வழிபாட்டிடங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, 26ஆம் தெருவிலிருக்கும் யூத ஜெபாலயத்தைச் சில வரிகளில் முடித்துக்கொண்டோம். அது போதாது என்று பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இந்த இதழின் கேள்வி – பதில் பகுதியை யூதர்களின் ஜெப முறைக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

*

கேள்வி: ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் 26ஆம் தெருவில் ஒரு பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறேன். ஜெபாலயத்தின் கதவு திறந்திருப்பதையும், வெளிநாட்டார் வந்து பார்த்துவிட்டுப் போவதையும் தினமும் காண்கிறேன். பள்ளிவாசலில் பாங்கு கேட்கிறது, காளியம்மன் கோயிலில் மணி கேட்கிறது. இங்கே மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அங்கே வழிபாடு நின்றுவிட்டதா? – யங்கோன் வாசகர்.

பதில்: வழிபாடு நின்றுவிட்டது என்று சொல்வது சரியாகாது. சத்தமாகச் சொல்ல வேண்டிய பகுதிதான் பெரும்பாலான நாட்களில் நின்றிருக்கிறது. அதற்குக் காரணம் ஓர் எண்ணிக்கை.

முஸ்மேயா யேசுவா என்ற அந்த ஜெபாலயத்தை 1893க்கும் 1896க்கும் இடையில், அதற்கு முன்னிருந்த மரக் கட்டடத்துக்குப் பதிலாகக் கட்டினார்கள். கட்டியவர்கள் பாக்தாதிலிருந்தும் அதைச் சுற்றிய ஊர்களிலிருந்தும் கல்கத்தா வழியாக வணிகத்துக்கு வந்து சேர்ந்த யூதர்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு பர்மாவில் யூதர்கள் சுமார் 2,500 பேர் இருந்தனர். 1942இல் ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது, நம்மவர்கள் நடந்தே இந்தியா போன அதே மாதங்களில், அவர்களிலும் பெரும்பாலோர் வெளியேறினர். திரும்பி வந்த சிலரும் 1962க்குப் பின் வணிகங்கள் அரசுடைமையானபோது, நம்மில் பலரைப் போலவே, மறுபடியும் மூட்டை கட்டினர். இன்று எஞ்சியிருப்பவர்கள் பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்து இருபது பேர் அளவில்தான்.

யூத மரபில் பொது வழிபாடு நடக்க வேண்டுமானால், பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் ஓரிடத்தில் கூடியிருக்க வேண்டும். இந்தக் கூட்டத்தை மின்யான் என்கிறார்கள். ஒன்பது பேர் இருந்து, அந்த ஒன்பது பேரும் மகா பண்டிதர்களாக இருந்தாலும் அது கூட்டமாகாது. பத்துப் பேரும் எழுத்தறியாதவர்களாக இருந்தால் கூட்டமாகிவிடும். பத்து என்ற கணக்கு வந்த வழி சுவையானது. மோசே கானான் நாட்டை உளவு பார்க்கப் பன்னிரண்டு பேரை அனுப்புகிறார். அவர்களில் பத்துப் பேர் திரும்பி வந்து அந்த நாட்டைப் பழித்துப் பேசி மக்களைக் கலங்கடிக்கிறார்கள். எண்ணாகமம் 14ஆம் அதிகாரத்தில் கடவுள் அவர்களைப் பொல்லாத சபை என்று கடிகிறார். அவர்கள் பத்துப் பேர் என்பதால் சபை என்றால் குறைந்தது பத்து என்று, யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதின் அறிஞர்கள் முடிவு கட்டினார்கள். புனிதமான கூட்டத்துக்குரிய அளவைப் பழிகாரர்களின் தலைகளை எண்ணி எடுத்துக்கொண்ட இந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பத்துப் பேர் இல்லாதபோது விடுபடுபவை எவை என்று பார்த்தால், உங்கள் தெருவின் அமைதி விளங்கும். ஜெபத்துக்கு வரும்படி கூட்டத்தை அழைக்கும் வாசகம் இல்லை. மோசேயின் ஐந்து நூல்களை எழுதிய தோராச் சுருளை வெளியே எடுத்துத் துதி கூறி வாசிப்பது இல்லை. 'பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்' என்று ஏசாயா கேட்ட தேவதூதர்களின் முழக்கத்தைக் கூட்டமாகச் சொல்வது இல்லை. இறந்தவர்களுக்காகப் பிள்ளைகள் சொல்லும் கத்திஷ் இல்லை. தனியாக வருபவருக்கு மிஞ்சுவது, நம் ஆண்டவர் ஒருவரே என்று அறிக்கையிடும் ஷெமா, நின்றுகொண்டு சொல்லும் அமிதா, சங்கீதங்கள் ஆகியவை. இவற்றை ஒருவர் முறைப்படி முழுவதும் சொல்லி முடித்தாலும் எதிர்க்கடையிலிருக்கும் உங்களுக்கு ஒன்றும் கேட்காது. ஏன் என்பதற்கான விடை இன்னொரு வாசகிக்குச் சொல்லும் பதிலில் வருகிறது. பெருநாட்களில் பயணிகளும் தூதரகக் குடும்பத்தாரும் வந்து சேர்ந்து பத்து நிறையும்போது நீங்கள் காது கொடுத்துக் கேட்கலாம்.

*

கேள்வி: யூதர்கள் எருசலேமை நோக்கி ஜெபிப்பார்களாமே, பர்மாவில் எந்தத் திசை? – மாண்டலே வாசகர்.

பதில்: மேற்கு. பாபிலோனில் சிறையிருந்த தானியேல், எருசலேமுக்கு நேராகத் திறந்திருந்த பலகணி அருகே தினமும் மூன்று வேளை மண்டியிட்டு ஜெபித்தார் என்று வேதம் கூறுகிறது. ஐரோப்பாவில் குடியேறியவர்கள் கிழக்கு நோக்கினார்கள்; நமக்கு எருசலேமும் மக்காவும் ஒரே பக்கம் இருப்பதால், நகர நடுவில் யூதரும் சூலியா முஸ்லிம்களும் ஏறக்குறைய ஒரே திசையைப் பார்த்துத்தான் நிற்கிறார்கள்.

*

கேள்வி: இந்த ஜெபங்களை இயற்றியவர் யார்? கோயிலில் குருக்கள் போல, தேவாலயத்தில் பாதிரியார் போல, இவர்களுக்குப் பூசாரி உண்டா? – பகோ வாசகர்.

பதில்: ஒருவர் இயற்றியதன்று. எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் வழிபாடு என்றால் பலிதான். காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, பிற்பகலில் ஓர் ஆட்டுக்குட்டி, அவற்றின் எஞ்சிய பாகங்கள் இரவெல்லாம் பலிபீடத்தில் எரியும். பலியிடும் உரிமை ஆரோனின் வழிவந்த ஆசாரியர்களுக்கு மட்டுமே இருந்தது. கி.பி. 70இல் ரோமர்கள் அந்த ஆலயத்தை இடித்தபோது பீடம் போயிற்று, பலி போயிற்று, ஆசாரியரின் தொழிலும் போயிற்று. அதோடு ஒரு மதம் முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம், யாவ்னே என்ற சிற்றூரில் கமாலியேலின் தலைமையில் கூடிய அறிஞர்கள், பலி நடந்த வேளைகளைச் சொற்களால் நிரப்பியதுதான். காலை ஜெபம், பிற்பகல் ஜெபம், இரவு ஜெபம் என்ற மூன்றும் அந்தப் பலி வேளைகளுக்கு ஒத்தவை என்று தல்மூது கூறுகிறது. ஆபிரகாம் காலையிலும், ஈசாக்கு மாலையிலும், யாக்கோபு இரவிலும் ஜெபித்ததால் வந்தவை என்ற வேறொரு கருத்தையும் அதே பக்கத்தில் வைத்திருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தள்ள அதற்கு மனம் வரவில்லை.

பதினெட்டுத் துதிகள் கொண்ட அமிதாவை யாவ்னேயில் வரிசைப்படுத்தியவர் சீமோன் என்பவர். பின்னர் ஒன்று சேர்ந்து இப்போது பத்தொன்பது இருக்கின்றன. ஓய்வுநாளில் மனிதத் தேவைகளைக் கேட்கும் நடுப்பகுதியை நீக்கிவிடுவதால் அன்றைக்கு ஏழு மட்டுமே. ஜெபங்களை எழுதி வைப்பதை முற்கால அறிஞர்கள் விரும்பவில்லை. ஆதலால் பல நூற்றாண்டுகள் அவை நாவிலேயே இருந்தன. முழு ஆண்டுக்குமான ஜெப வரிசையை முதன்முதலில் எழுத்தில் தந்தவர், பாபிலோனிய சூரா கல்விச்சாலையின் தலைவராக 9ஆம் நூற்றாண்டில் இருந்த அம்ராம் காவோன். ஸ்பெயின் நாட்டு யூதர்கள் கடிதம் எழுதிக் கேட்டதற்கு அவர் அனுப்பிய பதில்தான் அந்த நூல். அடுத்த நூற்றாண்டில் அதே சூராவின் தலைவரான சாதியா காவோன், விளக்கங்களை அரபியில் எழுதி இன்னொரு ஜெப நூலைத் தொகுத்தார். யங்கோனுக்கு வந்த பாக்தாத் யூதர்கள் அந்தப் பாபிலோனிய மண்ணின் பிள்ளைகள். கிழக்கே எங்கு குடியேறினாலும், வழக்கு ஒன்று வந்தால் பாக்தாதுக்கு எழுதிக் கேட்பதை அவர்கள் விடவில்லை. 1909இல் மறைந்த யோசேப் ஹாயிம் என்ற பாக்தாத் அறிஞரின் தீர்ப்புகளுக்கு இந்தச் சமூகங்களில் இன்றும் மதிப்பு உண்டு.

சேர்க்கைகள் பிற்காலத்திலும் நின்றுவிடவில்லை. வெள்ளி மாலையில் ஓய்வுநாளை மணப்பெண்ணாகப் பாவித்து வரவேற்கும் பாடல், 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சபேத் நகரில் வாழ்ந்த சொலொமோன் அல்கபேஸ் இயற்றியது. பாடலின் சரணங்களின் முதலெழுத்துகளைக் கூட்டினால் அவர் பெயர் வரும். நம் புலவர்களுக்கும் அறிமுகமான வேலைதான்.

பூசாரி என்று எவரும் இல்லை. ரபி என்பவர் சட்டமறிந்த ஆசிரியர். அவர் இல்லாமலே முழு வழிபாடும் நடக்கும். ஓதத் தெரிந்த எவரும் முன்னின்று நடத்தலாம். ஆசாரியர் வழிவந்த குடும்பத்தாருக்கு எஞ்சியிருக்கும் முக்கியமான உரிமை, கூட்டத்தின் முன் நின்று கை விரித்து ஆசி கூறுவது. அதற்கும் பத்துப் பேர் வேண்டும். ஆலயத்தையும் பலியையும் ஆசாரியரையும் இழந்தும் தாக்குப்பிடிக்கும்படி அமைக்கப்பட்ட இந்த வழிபாடு, அக்கம்பக்கத்தில் ஒன்பது பேர் மட்டும் இருந்தால் திணறுகிறது. நம் ஊர் ஜெபாலயத்தின் நிலைமையை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

*

கேள்வி: அண்மையில் ஒரு யூதப் பெண்மணி புத்தகத்தைப் பிடித்தபடி, பின்னும் முன்னும் அடியெடுத்து வைத்து, உதடுகளை மட்டும் அசைத்து ஜெபித்ததைப் பார்த்தேன். அது என்ன ஜெபம்? பெண்களுக்கு அங்கே என்ன இடம்? – தமிங், வாசகி.

பதில்: நீங்கள் கண்டது அமிதா. அதைத் தொடங்குமுன் மூன்றடி பின்வாங்கி, மூன்றடி முன்வைப்பார்கள். ஓர் அரசனின் அவைக்குள் நுழைவதாகப் பாவனை. பிறகு இரண்டு பாதங்களையும் இடைவெளியின்றிச் சேர்த்து வைத்து, முடியும்வரை இடம் பெயராமல் நிற்க வேண்டும். முதல் துதியின் தொடக்கத்திலும் முடிவிலும், நன்றி கூறும் துதியின் தொடக்கத்திலும் முடிவிலும் குனிய வேண்டும். ஆண்டவரின் பெயர் வரும் இடத்தில் நிமிர்ந்துவிட வேண்டும். வேறு இடங்களில் பக்தி மிகுந்து கூடுதலாகக் குனிவதைச் சட்டம் ஏற்பதில்லை. முடிந்ததும் மறுபடி மூன்றடி பின்வாங்கி, இடமும் வலமும் நடுவும் தலை தாழ்த்தி விடைபெறுவார்கள்.

குரல் எழாமைக்குக் காரணமானவர் ஒரு பெண். பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் அழுது ஜெபித்தபோது அவளுடைய உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை, அங்கிருந்த ஆசாரியர் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று எண்ணிக் கடிந்துகொண்டார் என்று முதலாம் சாமுவேல் நூல் கூறுகிறது. மனத்துக்குள் மட்டும் நினைத்தால் போதாது, உதடு அசைய வேண்டும், தன் காதுக்கு மட்டும் எட்ட வேண்டும், அடுத்தவருக்குக் கேட்கக் கூடாது என்ற விதிகளையெல்லாம் தல்மூது அறிஞர்கள் அவளிடமிருந்தே கற்றுக்கொண்டார்கள். பத்துப் பேர் கூடியிருக்கும்போது, எல்லோரும் மெளனமாகச் சொல்லி முடித்தபின் ஓதுபவர் முழுவதையும் மறுபடி உரக்கச் சொல்வார். எழுத்தறியாதவர்கள் ஒவ்வொரு துதிக்கும் ஆமென் சொல்லித் தாங்களும் ஜெபித்தவர்களாகிவிட வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது.

ஜெபிக்கும் கடமை பெண்களுக்கும் உண்டு என்று, பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா தெளிவாகக் கூறுகிறது. ஆனால் பழைய மரபில் பத்தின் கணக்கில் அவர்கள் சேர்வதில்லை. 26ஆம் தெருவில் பெண்களுக்கு மாடத்தில் இடம் அமைத்திருக்கிறார்கள். கடந்த நூற்றாண்டில் அமெரிக்காவில் வலுப்பெற்ற சீர்திருத்தப் பிரிவுகள் பெண்களையும் எண்ணுகின்றன, ரபிகளாகவும் ஆக்குகின்றன. பாக்தாத் வழியினர் அதை ஏற்கவில்லை. அதை ஏற்றிருந்தால் யங்கோனில் பத்து நிறைவது எளிதாகியிருக்குமே என்று கேட்கத் தோன்றுகிறது. அது அவர்கள் வீட்டு வழக்கு. நாம் வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வதற்கில்லை.

வீட்டில் நிலைமை வேறு. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன்பு ஓய்வுநாள் விளக்கை ஏற்றித் துதி கூறுவது பெண்ணின் உரிமை. பாக்தாத் யூதர் வீடுகளில் மெழுகுவர்த்தியைவிட, கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அதன்மேல் எண்ணெய் ஊற்றித் திரியிடும் வழக்கமே இருந்தது.

*

கேள்வி: ஐயா, நாங்கள் நான்கு தலைமுறையாக நெல் பயிரிடுகிறோம். மழை வராவிட்டால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். யூதர்கள் மழைக்கு வேண்டுவதுண்டா? – தொங்குவா வாசகர்.

பதில்: உண்டு. அதுவும் ஒரு பஞ்சாங்கக் கணக்கோடு. வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அமிதாவில் மழை இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டாம் துதியில், காற்றை வீசச் செய்து மழையைப் பொழியச் செய்பவர் என்று ஆண்டவரைப் புகழ்கிறார்கள். இது புகழ்ச்சி மட்டுமே, வேண்டுதல் இல்லை. இலையுதிர்காலக் கூடாரப் பண்டிகையின் முடிவில் தொடங்கி, வசந்தத்தில் வரும் பஸ்காவோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒன்பதாம் துதியில்தான், பனியும் மழையும் தந்து ஆண்டை ஆசீர்வதியும் என்று நேராகக் கேட்கிறார்கள். இஸ்ரவேல் நாட்டில் அந்த வேண்டுதலைப் பண்டிகை முடிந்த உடனே தொடங்குவதில்லை. பதினைந்து நாள் பொறுத்திருக்கிறார்கள். எருசலேமுக்கு யாத்திரை வந்த பாபிலோனியர்களில் கடைசி ஆள் யூப்ரத்தீஸ் ஆற்றை அடையும்வரை அவன் தலையில் மழை விழக் கூடாது என்பதே மிஷ்னா கூறும் காரணம். யாத்திரை நின்று ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகள் ஆகியும் அந்தப் பதினைந்து நாள் தவணை இன்றும் செல்லுபடியாகிறது.

பாபிலோனில் மழையின் தேவை பிந்தித்தான் வரும் என்பதால், அங்கே இலையுதிர்காலச் சமநாளிலிருந்து அறுபதாம் நாளில் தொடங்கினார்கள். பழைய ஜூலியன் கணக்கில் அந்நாளைக் கணிப்பதால், அது இப்போது டிசம்பர் 4ஆம் தேதி மாலையில், சில ஆண்டுகளில் 5ஆம் தேதி மாலையில் வருகிறது. இஸ்ரவேல் நாட்டுக்கு வெளியே உலகின் எந்த மூலையில் இருந்தாலும் யூதர்கள் பாபிலோனியர்களின் இந்தத் தேதியையே பின்பற்றுகிறார்கள்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். இங்கே வைகாசி பிறந்ததும் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடுகிறது. புரட்டாசி முடியும்வரை விடுவதில்லை. டிசம்பரில் நீங்கள் அறுவடையில் இருப்பீர்கள்; கதிர் அறுத்துக் களத்தில் கிடக்கும் வேளையில் மழை வரக் கூடாது என்பதே உங்கள் வேண்டுதலாக இருக்கும். யங்கோன் யூதரோ அந்த டிசம்பரில்தான் மழை கேட்கத் தொடங்கி, தண்ணீர்த் திருவிழா நெருங்கும் பஸ்காவரை, ஆண்டின் வறண்ட மாதங்கள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பார். ஆடி மாதத்தில் 26ஆம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது, கோடைக்குரிய வாசகத்தின்படி, பனித்துளிகளால் ஆண்டை ஆசீர்வதிக்கும்படி வேண்டுவார்.

இந்தப் பொருத்தமின்மையை யூதர்கள் கவனிக்காமல் இருந்துவிடவில்லை. தல்மூதில் தானீத் என்ற பகுதியில் ஒரு செய்தி இருக்கிறது. நினிவே நகரத்தார், எங்களுக்குக் கோடை நடுவிலும் மழை தேவைப்படுகிறதே, நாங்கள் எங்கே கேட்பது என்று, மிஷ்னாவைத் தொகுத்த தலைவர் யூதாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நீங்கள் தனி ஆட்களைப் போன்றவர்கள், ஆகவே ஜெபத்தைக் கேட்பவர் என்று ஆண்டவரைத் துதிக்கும் பதினாறாம் துதியில் உங்கள் தேவையைச் சேர்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று அவர் பதில் அனுப்பினார். பொது வாசகத்தை ஒரு நகரத்துக்காக மாற்ற முடியாது. தனி மனிதனின் குறைக்கு அதே ஜெபத்துக்குள் ஓர் இடம் திறந்திருக்கிறது என்பது அதன் பொருள். ஒரு முழு நாட்டையே தனி ஆள் என்று கொள்ளலாமா என்று பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஸ்பெயினிலிருந்து ஆஷேர் பென் எகியேல் என்ற பேரறிஞர் வாதாடினார். அவருடைய வாதத்துக்குப் பதில் சொன்னவர் எவருமில்லை, ஆனால் அதைப் பின்பற்றியவரும் இல்லை. நெல் விளையும் பர்மாவில் ஆனி மாதம் மழை தவறினால் யங்கோன் யூதர் நினிவேயின் விதிப்படி நடக்க வேண்டியதுதான். விவசாயியின் கண்ணால் பார்த்தால் இது விசித்திரமே. ஆனால் உலகெங்கும் சிதறியவர்கள் அவரவர் ஊர் மழைக்கு ஏற்ப ஜெபத்தைத் திருத்திக்கொண்டே போயிருந்தால், இன்று ஒரு நாட்டுப் புத்தகத்தை இன்னொரு நாட்டார் திறக்க முடியாத நிலை வந்திருக்கும். யங்கோனுக்கு வரும் பயணி ஒருவர் பத்தாவது ஆளாகச் சேர்ந்து உடனே ஓதத் தொடங்குவது, அந்தப் பிடிவாதத்தால்தான் இயலுகிறது.

*

கேள்வி: ஜெபாலயத்தில் வெள்ளிப் பேழை போன்ற ஒன்றைக் காட்டினார்கள். அதற்குள் என்ன இருக்கிறது, எப்படி வாசிப்பார்கள்? – கல்லூரி மாணவர், யங்கோன்.

பதில்: அது தோராச் சுருளின் உறை. மோசேயின் ஐந்து நூல்களும் தோலில் கையால் எழுதப்பட்டு அதற்குள் இருக்கும். மொத்தம் 304,805 எழுத்துகள். ஓர் எழுத்து அழிந்தாலும் திருத்தும்வரை அந்தச் சுருளை வாசிக்க எடுக்கக் கூடாது. ஐரோப்பிய யூதர்கள் சுருளுக்குத் துணியுறை போட்டு, மேசையில் படுக்க வைத்து வாசிப்பார்கள். பாக்தாத் வழியினர் மரத்தாலோ வெள்ளியாலோ ஆன நீள் உருளை உறைக்குள் சுருளை நிற்க வைத்திருப்பார்கள். உறை கதவுபோல் இரண்டாகத் திறக்கும். சுருள் நின்ற நிலையிலேயே வாசிக்கப்படும். உச்சியில் மாதுளை வடிவச் சிகரங்கள் இரண்டு, அவற்றில் சிறு மணிகள். நம் ஜெபாலயத்தில் ஒரு காலத்தில் இத்தகைய சுருள்கள் 126 இருந்ததாகச் சொல்வார்கள். வெளியேறியவர்கள் பெரும்பாலானவற்றைத் தங்களோடு கொண்டு போய்விட்டார்கள், எஞ்சியிருப்பவை இரண்டு.

வாசிக்கும் நாட்கள் திங்கள், வியாழன், சனி. ஐந்து நூல்களையும் 54 பகுதிகளாக்கி ஓராண்டில் முடிப்பார்கள். சனிக்கிழமை காலையில் ஏழு பேரை ஒவ்வொருவராக அழைப்பார்கள்: முதலாமவர் ஆசாரியர் வழி, இரண்டாமவர் லேவி வழி, பிறகு மற்றவர்கள். வாசிப்பவர் தோலில் விரல் படாதபடி வெள்ளிச் சுட்டுக்கோலால் வரியைத் தொடர்வார். கோலின் நுனியில் ஆள்காட்டி விரலை நீட்டிய ஒரு சிறு கை இருக்கும். சுருளில் உயிர்க்குறிகளும் இல்லை, இராகக் குறிகளும் இல்லை, வாக்கியம் முடியும் இடத்தில் புள்ளியும் இல்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்து வந்து, ஆனால் மனப்பாடமாகச் சொல்லாமல் எழுத்தைப் பார்த்தே ஓத வேண்டும். பொருள் மாறும்படி ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தால் கூட்டத்திலிருப்பவர்கள் அங்கேயே திருத்துவார்கள். அவர் திரும்பிப் போய்ச் சரியாகச் சொன்ன பின்பே மேலே செல்வார். இதில் வயது, பணம், மரியாதை எதுவும் பார்ப்பதில்லை.

*

கேள்வி: தமிழில் அர்ச்சனை செய்யலாமா என்று நாம் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். யூதர்களுக்கு எபிரெயம் கட்டாயமா? – பியே வாசகர்.

பதில்: இல்லை. ஷெமாவையும் அமிதாவையும் உணவுக்குப் பின் கூறும் நன்றியையும் எந்த மொழியிலும் சொல்லலாம், ஆசாரியரின் ஆசி போன்ற சிலவற்றை மட்டும் எபிரெயத்திலேயே சொல்ல வேண்டும் என்று கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் சோத்தா என்ற பகுதி பட்டியலிட்டே கூறிவிட்டது. சட்டம் இவ்வாறு தாராளமாக இருந்தும், வழக்கம் எபிரெயத்தைவிட்டு அதிகம் விலகவில்லை. பாக்தாத் யூதர்கள் பஸ்கா இரவில் எபிரெயத்தோடு அரபி மொழிபெயர்ப்பையும் சேர்த்து ஓதினார்கள். கொச்சி யூதர்களின் பெண்கள் திருமணத்திலும் பண்டிகையிலும் மலையாளத்தில் பாடினார்கள்.

அரமேய மொழியைப் பற்றித் தல்மூதில் ஒரு வேடிக்கையான எச்சரிக்கை உண்டு. உன் தேவைகளை அரமேயத்தில் கேட்காதே, தேவதூதர்களுக்கு அம்மொழி தெரியாது என்கிறது. கூட்டமாக ஜெபிப்பவர்களுக்குத் தூதர்களின் துணை தேவையில்லை, ஆகையால் அவர்களுக்கு இந்தத் தடை இல்லை என்று பின்வந்த உரையாசிரியர்கள் விளக்கினார்கள்.

*

கேள்வி: என் தகப்பனாரின் கூட்டாளி ஒருவர் யூதர். அவர் 91ஆம் தெரு இடுகாட்டில் அடக்கமாகியிருக்கிறார். அங்கே ஏதோ ஒரு ஜெபம் சொல்லப் பத்துப் பேர் வேண்டும் என்று தேடினார்களாம். நாம் திதி கொடுப்பது போன்றதா அது? – மௌலமைன் வாசகி.

பதில்: அவர்கள் தேடியது கத்திஷுக்காக. அது அரமேய மொழியில் அமைந்த சிறிய துதி. கேட்பவர்கள் வியக்கும் செய்தி என்னவென்றால், அதில் சாவைப் பற்றியோ, இறந்தவரைப் பற்றியோ, ஆன்மா அமைதியடைவதைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. ஆண்டவரின் பெயர் மகிமைப்படுவதாக, அவருடைய அரசு விரைவில் வருவதாக என்பதே அதன் சாரம். ஓதுபவர் நிறுத்தும் இடத்தில் கூட்டம், அவருடைய மகத்தான பெயர் என்றென்றைக்கும் துதிக்கப்படுவதாக என்று பதில் கூறுகிறது. அந்தப் பதிலுக்காகத்தான் பத்துப் பேர். பதில் சொல்ல ஆளில்லாதபோது கத்திஷ் சொல்வதில்லை.

பெற்றோருக்காகப் பிள்ளைகள் இதைப் பதினோரு மாதம் சொல்வது பரவலான வழக்கம். சமூகத்துக்குச் சமூகம் சிறு வேறுபாடு உண்டு. தீயவர்கள் நரகத்தில் பன்னிரண்டு மாதம் தீர்ப்புக்குள்ளாவார்கள் என்பது மரபு. பன்னிரண்டு மாதமும் கத்திஷ் சொன்னால் தன் தாய் தந்தை அந்தக் கூட்டத்தில் இருப்பதாகப் பிள்ளையே ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்பதால் ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஆண்டு நினைவு நாளைச் சந்திர மாதக் கணக்கில், இறந்த திதியிலேயே கொண்டாடுகிறார்கள் என்பதில் உங்கள் ஒப்புமை பொருந்தும். பிண்டமோ தர்ப்பணமோ அதில் இல்லை.

91ஆம் தெரு இடுகாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. அங்கிருப்பவர்களின் பிள்ளைகள் இன்று இஸ்ரேலிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வாழ்கிறார்கள். அவரவர் ஊர் ஜெபாலயத்தில் கத்திஷ் சொல்கிறார்கள். இங்கே கல்லறைக்கு வருபவர்கள் ஆள் குறைந்தால் சங்கீதங்களை வாசிக்கலாம். அதற்கு எண்ணிக்கை தேவையில்லை. உங்கள் தகப்பனாரின் நண்பருக்காக நீங்களும் ஒரு சங்கீதம் வாசிக்க விரும்பினால் தடை சொல்வார் எவருமில்லை. தமிழ் வேதாகமத்திலேயே வாசிக்கலாம்.

*

கேள்வி: நாங்கள் உள்ளே போகலாமா? செருப்பைக் கழற்ற வேண்டுமா? – பல வாசகர்கள்.

பதில்: போகலாம். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. கூட்டத்துக்கு ஆசி கூறும் ஆசாரியர் வழியினர் மட்டும் அந்த நேரத்தில் காலணியைக் கழற்றுவார்கள். ஆண்கள் தலையை மறைத்துக்கொள்ள வேண்டும். தோள் மறையும் உடையோடு போவது நல்லது. வெள்ளி மாலை முதல் சனி மாலை வரையிலும், பெருநாட்களிலும் அங்கே புகைப்படம் எடுக்காதீர்கள், கைபேசியை வெளியே எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர்கள் விளக்குத் திரியைக்கூடத் தொடுவதில்லை.